கேரக்டர் அண்ட் ஆன்டிசிடன்ட்ஸ்

அடுத்தவன் யோக்கியன் என்று இங்கிலீஷில் டைப் அடித்துக்கொடுத்துப் பிழைக்கிற பிழைப்பு என்னுடையது. முன்பு திண்டிவனத்தில் ஒருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தேன். இப்போது விழுப்புரத்தில் சொந்தக் கடை. நன்னடத்தைச் சான்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். நாமெல்லாம் ஒரே சாதிதான்.

டிரைவருக்கு எதற்கு?

திண்டிவனத்தில் இருந்தபோது நடந்தது. மல்லாட்டை மூட்டையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார் ஒரு பெரியவர். மகனுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, 'கண்டக்ட் சர்டிபிகேட்' கேட்கிறார்களாம். கண்டக்ட் என்றால் நடத்தை, பையன் ஒழுங்கானவன் என்று அவன் படித்த பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்க வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வண்டி ஓட்றவனுக்கு எதுக்கு சார் கண்டக்டர் சர்டிபிகேட்டு? ஏத்தி எறக்கத்தான் ஆயாம்மா இருக்குதே."

கோட்டுப் போட்ட வார்த்தை

சிரித்தது அதோடு சரி. விழுப்புரம் வந்தபிறகு, கோலியனூர் பக்கத்துக் காலனியிலிருந்து ஏழுமலை வந்தார். கூலி வேலைக்காரர். மகள் கவிதா லேப் டெக்னீசியன் படித்தவள். பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரி அவள்தான். சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு தாள் மட்டும் வேண்டும். அவளை நன்றாகத் தெரிந்த, பொறுப்பான பதவியில் இருந்த ஒருவர், இவளுடைய 'கேரக்டர் அண்ட் ஆன்டிசிடன்ட்ஸ்' நல்லவை என்று கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

கேரக்டர் நமக்கெல்லாம் தெரியும். அதற்கே கோட்டுப் போட்டு டை கட்டிவிட்ட மாதிரி இந்த இரண்டாவது வார்த்தை எதற்கு என்று எனக்கு எரிச்சல். செல்லில் அர்த்தம் தேடினேன். முதலில் 'முன்னோர்' என்று வந்தது. வாய் சும்மா இல்லாமல் சத்தமாகப் படித்துவிட்டேன். அப்புறம் கீழே பார்த்து, இல்லைங்க, இந்த இடத்தில் 'முன் நடத்தை' என்று அர்த்தம், பொண்ணு இதுக்கு முன்னாடி தப்புத்தண்டா எதுவும் பண்ணலைன்னு சொல்றது என்றேன். ஏழுமலை காதில் முதல் அர்த்தம்தான் ஏறியிருந்தது. முகம் சுண்டிவிட்டது.

"எங்கப்பன் பண்ணையில ஆளா இருந்தவருங்க. அத்த எழுதினா புள்ளைக்கு வேல போயிடுமா சார்?"

வராத கை

அதிகாரிகளிடம் போனால், 'உன்னை எனக்குத் தெரியாதே' என்கிறார்கள். அது நியாயம்தான். நான் போட்டுத் தரலாம் என்றால், நான் போடுவதும் எதிர் டீக்கடைக்காரர் போடுவதும் ஒன்று. மிச்சம் இருந்தவர் கவிதாவுக்குப் பாடம் எடுத்த ஹெட்மாஸ்டர். ரிட்டயர் ஆகி ஊர்த்தெருவில் இருக்கிறார். அப்பனும் மகளும் போனார்கள். நாளைக்கு வா என்றார். மறுநாளும் நாளைக்கு வா என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

சனிக்கிழமை பட்டா நகல் எடுக்க அவரே என் கடைக்கு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சார், அது முன்னோர் இல்லை, முன் நடத்தை, கவிதாவின் அப்பா தப்பாகச் சொல்லியிருப்பார் என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமே படவில்லை. தங்கமான பொண்ணு, வகுப்பில் முதல் மார்க்கு, கேரக்டர் என்று மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்றார். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கே அர்த்தம் சொல்றியா? காலம்பூரா இங்கிலீஷ் எடுத்தவன்யா நானு. அந்த இன்னொரு வார்த்தை இருக்குது பாரு, அதுக்குத்தான் கை வரல."

ஒரு சந்தேகம்

திங்கட்கிழமை போனது. கம்பெனி அடுத்த ஆளைச் சேர்த்துக்கொண்டது. சில நாள் கழித்துக் கவிதா வேறு வேலைக்கு அப்ளிகேஷன் போட வந்தாள். ஏழுமலை கூட வரவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டேன். தன்னால்தான் வேலை போனது என்று யாரோடும் பேசாமல் படுத்துக்கினு இருக்கிறார் என்றாள். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளே அந்த வார்த்தைக்கு நிஜமாக என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒரு ஆள் இதுவரைக்கும் எப்படி நடந்துக்கினு வந்திருக்கிறார் என்பதுதான், அவருடைய அப்பன் பாட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அப்ளிகேஷனை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, ஹெட்மாஸ்டர் சார் கையெழுத்துப் போடல இல்ல, அதுவும் அவரோட ஆன்டிசிடன்ட்ஸ்ல சேரும் தானேண்ணா?"

அகராதியில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் முதல் அர்த்தத்தை மட்டும்தான் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.