ஐஸ் பெட்டி வேண்டாம் என்றார் ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் ஜெனிதான் போன் செய்தாள். அழுகைக்கு நடுவே ஒரே கேள்வி. "அக்கா, ஐஸ் பொட்டி வண்டி வந்துகினு கீதாம்... இன்னா பண்றது?"

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அப்படி என்ன பதற்றம் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கம்பெனியிலேயே பாதிப் பேருக்கு முழுக்கதை தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ். ஃபைனல் செக்கிங்கில் அக்காவும் நானும் ஒரே டேபிள். ஏசி ஹால்...

முதலில் அக்காவின் விரல் நுனிகள்தான் வெளுத்தன, சுண்ணாம்பு தடவினாற்போல. கொஞ்ச நேரத்தில் நீலம், அப்புறம் சிவப்பு. ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம்.

அப்புறம் முகம் மாறியது. நெற்றிச் சுருக்கம் காணாமல் போனது. கன்னம் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளத்தது. டேபிளுக்கு டேபிள் பொறாமை.

"இன்னா கிரீம்க்கா போடற? எங்களுக்கும் சொல்லேன்..."

"கிரீமா? தேங்கா எண்ணெதாண்டி. தோலு வறண்டு கீதேன்னு தடவறேன்."

அந்த வாரமே எங்கள் லைனில் பாதிப் பேர் முகத்தில் தேங்காய் எண்ணெய் வழிந்தது.

அடுத்து, கைரேகை வைத்து வருகை பதியும் பஞ்சிங் மெஷின். அக்காவின் கட்டைவிரலை அது எடுக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் செய்வது போல விரலைக் கழுத்து வியர்வையில் தேய்த்து, தலைமுடியில் தேய்த்து, மறுபடி வைத்தார். ம்ஹூம்... மெஷின் பழசாகிவிட்டது என்றார் சூப்பர்வைசர். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ரேகை இருந்த இடத்தில் தோல் இறுகி வழவழவென்று ஆகியிருந்தது.

ஒரு பிறந்தநாளன்று அக்காவுக்குக் கேக் ஊட்டப் போனேன். வாயைத் திறந்தார். கொஞ்சம்தான் திறந்தது.

"சின்னதா குடுடி... வாய் சுருங்கிகினே போவுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அம்மா அந்த விரல்களைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். அபூர்வமாக வருகிற நோயாம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். தோல் கெட்டிப்படும். குளிர் பட்டால் விரலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும். ஒட்டுவாரொட்டி இல்லை. முழுசாகப் போக்க மருந்து இல்லை, கட்டுப்படுத்தலாம் என்றார்.

பிறகு முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். எடுக்கவே இல்லை... கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தோல் மட்டும் இல்லம்மா. நுரையீரலும் இறுக ஆரம்பிச்சிருக்கு. வெல்க்ரோவைப் பிரிக்கிற மாதிரி சத்தம் கேக்குது."

வேலைக்குத் திரும்பிய அன்று டேபிளில் ஒரு ஜாக்கெட் வந்தது. அக்கா அதன் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரித்தார். ஒட்டினார். காதருகே வைத்து மறுபடி மெதுவாகப் பிரித்தார்.

"இந்த சத்தம்தான் எனுக்குள்ள கீதாம்" என்றார்.

அதற்கப்புறம் வெல்க்ரோ வைத்த பீஸ் வந்தால், அக்கா டீ குடிக்கப் போகும்போதுதான் எடுப்போம்.

மாத்திரை, செக்கப் என்று கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் வீட்டுக்குள் நடந்தாலே...

போன மார்கழியில், எங்களோடு வேலை பார்த்த ஒருவர் இறந்து அயப்பாக்கம் போயிருந்தோம். மாலை வைக்கும்போது அக்காவின் கை ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் பட்டது. அவ்வளவுதான். விரலெல்லாம் நீலம், துடித்துவிட்டார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தக் கைகளை என் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கலா, நான் செத்தா என்னை அதுல வெச்சிடாதீங்கடி. செத்தாலும் எனுக்குக் குளுரும்."

இன்று நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டியை ஹாலில் இறக்கிப் பிளக் போட்டிருந்தார்கள். உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறைக் கட்டிலில் அக்கா, ஸ்வெட்டரும் சாக்ஸுமாக.

ஜெனியின் சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். "பையன் மஸ்கட்லருந்து நாளிக்கிதான் வர்றான். பெத்தவ மூஞ்சிய அவன் பாக்க வாணாமா? செத்தவங்களுக்கு இன்னாம்மா குளுரு?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஜெனி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள். மஸ்கட் ஏர்போர்ட்டில் நின்றிருந்தான் ஜான்சன். பெட்டியைக் காட்டினாள். அம்மா சொல்லியிருந்ததைச் சொன்னாள்.

அவன் சித்தப்பாவைக் கூப்பிடச் சொன்னான்.

"வாணாம் சித்தப்பா... வெக்காதீங்க. இன்னிக்கே எடுத்துடுங்க. நான் இதுலயே பாத்துக்கறேன். ஜெனி, கிட்ட காட்டு."

போனை அக்காவின் முகத்தருகே பிடித்தாள். அந்தப் பக்கம் ஏதோ ஃப்ளைட்டுக்கு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அவன் நகரவில்லை, கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

சித்தப்பாவே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மதியமே அடக்கம். பாதர் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம்.

போய் வாருங்கள் அக்கா. வெயிலில் கிடந்த மண், கையில் அள்ளும்போது நன்றாகச் சூடாக இருந்தது.