எதிர் மேசையின் எண்ணிக்கை

அலுவலகத்தில் அவனுக்குக் கடுவன் என்று பெயர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். காலையில் வணக்கம் சொன்னால்கூட, இதைச் சொல்லத்தான் வந்தாயா என்பதுபோல ஏறிட்டுப் பார்ப்பான். லிஃப்டை இயக்கும் மென்பொருளில் கோளாறு வந்தால் அது எங்கே என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. அதற்கு டீபக்கர் என்று ஒரு கருவி. பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்ட வேண்டும். ஒரே பத்து வரியைத் திரும்பத் திரும்பத் தட்டினால் விரல் ஒடிந்துவிடும் என்று, அந்தப் பத்தையும் ஒரு பெயருக்குள் கட்டி வைப்பார்கள். அதுதான் மேக்ரோ. எந்த மேக்ரோ எத்தனை முறை ஓடியது என்பதை டீபக்கரே எண்ணி வைத்திருக்கும். வேண்டுமானால் ரீசெட் செய்து, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ண வைக்கலாம்.

எதிர் மேசையில் இருந்தவள் அவன் மனைவியின் தங்கை. மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அவன்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டான். சேர்த்த நாள் முதல் அவளைக் கண்டாலே அவனுக்கு ஆகவில்லை. அவள் வேலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அதையாவது பொறுத்திருப்பான், அவனிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இருவரில் ஒருவருக்குத்தான் இங்கே இடம். மற்றவர் ஊர் ஊராகப் போய், கட்டி முடியாத கட்டடங்களில் லிஃப்டோடு மல்லுக்கட்ட வேண்டும். யாருடைய மேக்ரோக்கள் அதிகம் ஓடுகின்றனவோ அவர் இருக்கலாம். மேலாளருக்கு மேக்ரோ என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. எந்த எண் பெரியது என்று மட்டும் தெரியும்.

கடுவன் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தான். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு சின்ன மேக்ரோ, அவள் எழுதியது, எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அவன் மேக்ரோக்கள் எங்கோ கீழே கிடந்தன. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே இல்லாமல் அதையே தட்டித் தட்டி ஏற்றியிருக்கிறாள், வேறென்ன? அன்று சாப்பிடும்போது மனைவியிடம், உன் தங்கை ஒரு பித்தலாட்டக்காரி என்றான். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தங்கையின் குட்டு அவளுக்கும் தெரியும் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மேலாளர் முன்னால், குழு மொத்தமும் கேட்கும்படி சவால் விட்டான். எல்லா எண்ணிக்கையையும் ரீசெட் செய்வோம். மதியம் வரை இவள் கீபோர்டைத் தொடக்கூடாது, மற்றவர்களும் டீபக்கர் பக்கம் வரக்கூடாது, நான் மட்டும் வேலை செய்கிறேன். இவள் மேக்ரோ எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடலாம்.

"வேணாம் மாமா. விட்டுடுங்க" என்றாள் அவள்.

பயந்துவிட்டாள் என்று அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கட்டளையைத் தட்டினான். திரை முழுக்கப் பூஜ்யமானது.

அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் கதவு தானாகத் திறந்துகொள்ளும் ஒரு லிஃப்டின் மென்பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, தன்னுடைய பெரிய மேக்ரோவை ஓட்டினான். மாடி மாடியாகப் போய்ச் சோதிக்கும் அது. அவன் பெருமையே அதில்தான் இருந்தது. மதியம் மேலாளரை அழைத்து, எண்ணிக்கையைப் பெரிய திரையில் போட்டான்.

அவள் மேக்ரோதான் உச்சியில் நின்றது. காலையிலிருந்து கீபோர்டைத் தொட்டவன் அவன் ஒருவன்தான்.

மேலாளர் எப்படி என்று கேட்டார். அவன் தன் பெரிய மேக்ரோவைத் திறந்தான். ஒவ்வொரு மாடிக்கும் அது அவளுடைய கதவு மேக்ரோவைக் கூப்பிட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. அவன் முன்பு எழுதியிருந்த வரிகள் கதவு விஷயத்தில் தடுமாறின என்பதால், சில மாதங்களுக்கு முன் அவற்றை அழித்துவிட்டு அவளுடையதைக் கூப்பிடும் ஒரு வரியை அங்கே செருகியிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எல்லாமே தன்னுடையது என்று நம்பவும் தொடங்கிவிட்டான். மேக்ரோவை ஆள் கூப்பிட்டாலும் இன்னொரு மேக்ரோ கூப்பிட்டாலும் டீபக்கருக்கு ஒன்றுதான். குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவன்தான்.

யாரோ சிரித்தார்கள். அவளுடையது இல்லாமலும் ஓடும் என்று முறைத்தபடி, அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். முதல் மாடியிலேயே பிழை காட்டி நின்றுவிட்டது. வெளியூர் வேலைக்கு யார் என்பதை மேலாளர் அங்கேயே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மேல் பாய்ந்தான். உன் தங்கை தெரிந்தே குழி பறித்தாள், வேணாம் மாமா என்று நடித்தாள் என்று கத்தினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க எடுத்துக்கிட்ட அன்னைக்கே அவளுக்குத் தெரியும். அழுதுக்கிட்டு எங்கிட்டதான் வந்து சொன்னா. வெளிய சொல்லாதடி, மாமாவுக்கு அசிங்கமாயிடும்னு அவ வாய அடைச்சது நான். இத்தன நாளா அவ வாயத் திறக்கல. நீங்கதான் நாலு பேர கூட்டிவச்சு உங்க கையாலயே காட்டிட்டு வந்திருக்கீங்க."

அவள் பரண்மேல் இருந்த பெட்டியை இழுத்து அவன் முன்னால் போட்டாள்.

"நீங்களே அடுக்கிக்குங்க. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."