கந்தாகேயின் முகம்

ஆறாம் வகுப்பில் பழங்கால நாகரிகங்களுக்கென்று ஒரு விழா வைத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் என் தோழிக்கு எகிப்து விழுந்தது, எனக்கு நூபியா. எகிப்துக்குத் தெற்கே, அதே நைல் நதியோரம் அப்படியொரு தேசம் இருந்ததே எனக்குத் தெரியாது. டெக்சாஸில் நாங்கள் இருந்த ரிச்சர்ட்சன் ஊர் நூலகத்தில் தேடியதில் ஒரே ஒரு புத்தகம் கிடைத்தது. அதைத் திறந்த பிறகு எகிப்து யாருக்கு வேண்டும்! அங்கேயும் பிரமிடுகள், எகிப்தைவிட அதிகமாக, ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக. ராணிகளுக்குக் கந்தாகே என்று பட்டம். அதில் ஒருத்திக்கு ஒரு கண் கிடையாது. ரோமாபுரியோடு நடந்த சண்டையில் பேரரசர் சிலையின் தலையைக் கொண்டுவந்து கோயில் படிக்கடியில் புதைத்தார்களாம், போகிறவர் வருகிறவரெல்லாம் மிதிக்கட்டும் என்று. நான் அவளாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அம்மா பாளையங்கோட்டைக்காரி. கந்தாகே என்ற பெயர் பைபிளில் வருவது, சர்ச்சில் கேட்டுப் பழகியது என்பதால் என்னைவிட அவளுக்குத்தான் உற்சாகம். தன் கல்யாணப் பட்டுப்புடவையையே எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளோ ஃபோட்டோவோ, பவுடர் போடாமல் எங்களை வெளியே விடமாட்டாள். தங்கைக்கு ஒரு தடவை, எனக்கு இரண்டு தடவை. மூத்தவள் என்கிற மரியாதை அது என்று எனக்கு ஏகப் பெருமை. தனக்கும் இரண்டு தடவைதான் போட்டுக்கொள்வாள்.

விழாவன்று பள்ளிக் கழிப்பறையில், ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"ஆடாம நில்லுட்டி. ஸ்டேஜ்ல முகம் பளிச்சுன்னு தெரிய வேண்டாமா?"

இரண்டு தடவையும் ஆயிற்று. கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகத்திலிருந்த ராணியின் படத்தை விரித்துக் காட்டினேன்.

"நோ, அம்மா! ஷீ இஸ் டார்க். லைக் யூ அண்ட் மீ. இப்படிப் போனா பாயிண்ட்ஸ் கட் பண்ணிடுவாங்க!"

என் கவலை எனக்கு. அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேப்பர் டவலை நனைத்து, என் நெற்றி, கன்னம், காதோரம் என்று துடைத்துவிட்டாள். எதையும் அவசரமாகச் செய்கிறவள் அன்று அத்தனை மெதுவாகத் துடைத்தாள்.

"போ. ராணியேதான்," என்றாள்.

மேடையில் சிலைத் தலையின் கதையைச் சொல்லி, படியை ஓங்கி மிதித்தும் காட்டினேன். கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் பவுடர் துளிகூட இல்லை, நெற்றியோரம் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. டெக்சாஸ் வெயிலில் வேர்த்து எல்லாம் அழிந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், மறுபடி போட்டுக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.