நெற்றியைப் பார்க்கும் இயந்திரங்கள்

அந்த இசைத்தட்டில் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆங்கிலம் ஒழுங்காகப் புரிகிற வயதில் அதைத் தேடி வாங்கி, இரண்டு தட்டுகளையும் முழுக்கக் கேட்டேன். பழைய விஞ்ஞான நாவல் ஒன்றைக் கிட்டாரும் டிரம்ஸுமாக ஆக்கியிருந்தார்கள். வேற்றுக் கிரகத்தவர்கள் பெரிய இயந்திரங்களில் வருகிறார்கள், ஊர்களை எரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் எவர் வீட்டுக் கதவையும் தட்டவில்லை, எவர் நெற்றியையும் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த கதை வேறு. அது மலைநாட்டில், மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தப்பா சொன்ன கதை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தவர், ஒருநாள் காலையில் உடுத்திய உடுப்போடு தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்தி எங்கே என்று கேட்டேன். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று அம்மா சொன்னாள். பிறகு அவர் டவுனில் ஒரு ரெக்கோட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கீறல் விழுந்து விலைபோகாத அந்தத் தட்டுகளை முதலாளி அவர் தலையில் கட்டிவிட்டார்.

பௌர்ணமிக்கு விடுமுறை விடும் போயா நாட்களில் கடை பூட்டு. சித்தப்பா ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டைச் சுழல விடுவார். எனக்கும் தம்பிக்கும் உடனுக்குடன் தமிழில் கதை சொல்வார். அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி அப்பாவுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நீளமான பாட்டு முழுவதற்கும் "வந்துட்டாங்க" என்று ஒரே சொல்தான். ஒரு சின்ன முனகலுக்கோ விளக்கம் முடியவே முடியாது. இடையிடையே இயந்திரங்கள் ஊளையிடும். குழாய்க்குள் சிக்கிய மாடு கதறுவது போலிருக்கும். 

ஊளை கேட்டதும் விளையாட்டு தொடங்கும்.

"வீடு வீடா வந்து கதவத் தட்டுவாங்க. நெத்தியப் பாப்பாங்க. பொட்டு இருந்தா தூக்கிட்டுப் போயிருவாங்க."

பொட்டை அழித்துவிட்டுக் கட்டிலுக்கடியில் மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது. ஜெயித்தால் ஆளுக்கொரு துண்டு தொதல் இனிப்பு. அம்மாவையும் விளையாட்டில் சேரச் சொல்வார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"கட்டுன பொம்பளகிட்ட பொட்ட அழிங்கிறீங்களே தம்பி, இதெல்லாம் ஒரு வெளையாட்டா?"

சித்தப்பா சிரிக்கமாட்டார். தொதலை மட்டும் துண்டு போடுவார்.

அன்று போயா இல்லை. பட்டப்பகலில் சித்தப்பா கடையிலிருந்து ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். டவுன் பக்கம் புகை எழும்பியது. நான் குதித்துக்கொண்டு ரெக்கோட் பிளேயரின் மூடியைத் திறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ரெக்கோட் வேணாம் பாப்பா."

பிறகு அம்மாவைப் பார்த்து, "அண்ணி" என்றார்.

அம்மா உடனே சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து நெற்றியை அழுத்தித் தேய்த்தாள். குங்குமம் புருவம்வரை இழுபட்டது. அது போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ ஒரே சந்தோஷம், கடைசியில் அம்மாவும் விளையாட வந்துவிட்டாளே என்று.

நால்வரும் கட்டிலுக்கடியில் கிடந்தோம். தட்டு சுழலவில்லை. ஆனாலும் தூரத்தில் ஊளை கேட்டது. அது கீறல் இல்லாமல், நிற்காமல், மேட்டில் ஏறி எங்களை நோக்கி வந்தது. எங்கள் கதவு தட்டப்பட்டது. சித்தப்பா தம்பியின் வாயைப் பொத்தினார். அந்த வீட்டில் ஆளில்லை, எல்லாரும் நேற்றே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டம்மா சிங்களத்தில் சத்தமாகச் சொன்னது கேட்டது.  பிறகு காலடிகள் இறங்கிப் போயின.

இருட்டுவதற்குள் அப்பா வந்து சேர்ந்துவிட்டார். அவரைப் பார்த்த பிறகுதான் அம்மா அழுதாள்.

நான் தொதல் கேட்டேன். சித்தப்பா சட்டைப்பையைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"பரவால்ல சித்தப்பா. அம்மாகூட ஜெயிச்சுட்டாங்க. சித்தி இருந்தா அவங்களும் ஜெயிச்சிருப்பாங்க."

அவர் மூடியிருந்த ரெக்கோட் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்டயும் சொன்னேன் பாப்பா. நீங்க உசிரோட இருக்கயில நான் எதுக்கு அழிக்கணும்னுட்டா."

சித்திக்கு விளையாடத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.