நங்கநல்லூர் போன அப்பா

வீட்டில் சொல்ல முடியாத விஷயம். அதனால் இங்கே பதிவு போடுகிறேன்.

இன்று காலை ஆபீஸ் தோழிகளோடு செங்கல்பட்டு பக்கம் ஒரு பாறை மலை ஏறப் போனேன். பாதி வழியில் வழுக்குப் பாறை. கீழே பார்த்ததும் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

மேலிருந்து வயதானவர்கள் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் குனிந்து கையை நீட்டி, "பயப்படாதேம்மா, கீழ பாக்காதே. என் கையைப் பிடிச்சுக்கோ" என்றார்.

குரலைக் கேட்டு நிமிர்ந்தேன்.

அப்பா.

போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் அப்பா. ஞாயிறுதோறும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மயிலாப்பூரிலிருந்து கிளம்புகிற அப்பா.

அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டாக்டர் ஏறலாம்னுட்டார். உங்கம்மாதான் மாடிப்படி ஏறக்கூட விடமாட்டேங்கறா. ஒரு வருஷமா என்னை நோயாளியாவே வச்சிண்டிருக்கேள்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இங்க உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, நாங்க நங்கநல்லூர்ல போய்த்தானே தேடிண்டிருப்போம்?" என்றேன்.

அவர் என் கையை விடாமல் அடிவாரம்வரை கூட்டிவந்தார்.

மாலை வீட்டில் அம்மா அவரிடம் கேட்டாள்: "கோவில்ல கூட்டமா?"

"இன்னிக்கு நல்ல கூட்டம்" என்றார், கண் இமைக்காமல்.

சித்தி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். லைக் போட்டால் போதும், அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம்.

மற்றவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவரைத் தடுப்பதா, கூடவே போவதா?