நானூற்றுப் பத்தாவது காலடி

ஊர் என்னைப் பற்றி நல்லதாகக் கதைக்கத் தொடங்கியது எனக்கு அறுபத்தெட்டு வயதான பிறகுதான். அதற்குக் காரணம் என் வலது கால். குணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ரைம் கீப்பராக இருந்தவன். பண்டத்தரிப்புக்குப் போகிற பஸ் ஏழு பத்துக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் ஏழு பத்துக்கு வெளிக்கிட வேண்டும். சாரதி இடையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வந்தால் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதுவேன். வீதியில் நின்று கதைக்கிற மனிதர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. யாராவது சுகமோ என்று கேட்டால் ஓம் என்பேன். திருப்பிக் கேட்கமாட்டேன். கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பென்சன் எடுத்துச் சில வருஷங்களில் மனைவி என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள். வைத்தியர் எங்கள் மகளைவிடச் சின்னப் பிள்ளை. கடதாசியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, உங்களுக்கு இன்னும் சீனி வருத்தம் எண்டு சொல்லேலாது. ஆனா போடரிலை நிக்குது. இனிப்பை விடுங்கோ, சோத்தைக் குறையுங்கோ, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. சுருட்டை முற்றா நிப்பாட்டுங்கோ. உந்தக் கட்டத்திலையே இரத்தக் குழாயள் பழுதாகத் தொடங்கியிடும்."

வெளியே வந்து மனைவியிடம் "பாஸ்" என்றேன். இரத்தக் குழாய் பற்றி வைத்தியர் சொன்ன கடைசி வசனத்தை நான் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சுருட்டை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். அதையே பெரிய தியாகமாக நினைத்தேன்.

நடக்க மட்டும் ஒழுங்காக நடந்தேன். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசல் படலையில் தொடங்கி ஒழுங்கை வழியே சந்திவரை போய்த் திரும்புவேன். காலடிகளை எண்ணிக்கொண்டுதான் போவேன். எண்ணாமல் ஒரு காரியம் செய்ய எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் அறுநூற்று நாற்பதாவது காலடியில் வலது கெண்டைக்காலை யாரோ பிடித்து ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரிப் பிழிந்தார்கள். நின்றேன். இரண்டு நிமிஷத்தில் நோ போய்விட்டது. நடந்தேன். இன்னொரு அறுநூறு காலடியில் திரும்பவும் வந்தது. அடுத்த நாளும் அதே இடம், அதே அளவு. அவ்வளவு நேரம் தவறாத ஒன்றை நான் டிப்போவில் ஒரு நாளும் கண்டதில்லை.

நோ பெரிய பிரச்சினை இல்லை. நிற்பதுதான் பிரச்சினை. எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிதன் சும்மா நிற்க முடியாது. இரண்டு நிமிஷம் நின்றால் "என்ன, நிக்கிறியள்?" என்று கேட்க ஒரு ஆள் வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட நானே முந்திக்கொண்டு கதைப்பது பாதுகாப்பு என்று தோன்றியது. அறுநூற்று நாற்பதில் இருந்தது ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் ஒருவரின் வீடு. அவர் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"கத்தரி நல்லாய் வந்திருக்கு," என்றேன்.

மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது வருஷம் ஒரே ஒழுங்கையில் இருக்கிறோம். நான் அவரோடு கதைத்த முதல் முழு வசனம் அதுதான்.

"வாங்கோ, வாங்கோ, உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்!"

குடித்தேன். மூன்று கரண்டி சீனி. எங்கள் ஊரில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சீனி என்றால், எப்போதிருந்து, எந்த வைத்தியர், கால் எப்படி என்று கதை நீளும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக் குடித்தேன். சந்திக்குக் கிட்ட ஒரு ரீச்சர் வீடு. அங்கே அவவின் மாமரத்தைப் புகழ்ந்தேன். அதற்கும் தேத்தண்ணி. திரும்பி வரும்போது இன்னொரு படலை, இன்னொரு கோப்பை. இப்படியாகச் சீனியைக் குறைப்பதற்காக நடந்து, ஒரு நடைக்கு ஒன்பது கரண்டி சீனி சாப்பிட்டேன்.

ஒரு நாள் மனைவி சந்தையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, மீன் விக்கிற மனுசி சொல்லுறா, உங்கடை அவர் என்ன தங்கமான மனுசன், எல்லாரோடையும் நிண்டு கதைக்கிறார் எண்டு. உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"நாப்பத்தொரு வருஷம் நான் கேட்டும் நடக்காதது, இப்ப ஒண்டும் நடக்காமல் நடந்திட்டுதோ?"

அவளிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், பயம். வேறொன்றுமில்லை. என் அண்ணைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வருத்தத்தில் எடுத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே சுருட்டு, ஒரே வாய்க்கொழுப்பு. அவருக்கு வந்தது எனக்கு வராமல் விட ஒரு நியாயமும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். கோதாரி, சொல்லாவிட்டாலும் அது உண்மைதான்.

அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீடு அதே ஒழுங்கையில், எங்கள் படலையிலிருந்து சரியாக நானூற்றுப் பத்துக் காலடி. பதினொரு வருஷமாக நாங்கள் கதைப்பதில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு அவர் எனக்குப் போனில் சொன்னார். கலியாணத்துக்கு வீடு வந்து சொல்ல வேண்டும். அந்நியர் வீட்டுக்கே அப்படி என்றால், கூடப் பிறந்த தம்பிக்கு எப்படி? ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு போனில் சொல்கிறவர் வீட்டுப் பந்தலில் நான் போய் நிற்பதா? போகவில்லை. மனைவியையும் விடவில்லை. அடுத்த வருஷம் அவருக்குக் கால் எடுத்தார்கள். மனைவி என்னைக் கேளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். நான் போகவில்லை. நான் செய்த காரியங்களில் இதை எழுதும்போதுதான் எனக்குக் கை கூசுகிறது.

தை பிறந்த பிறகு என் அறுநூற்று நாற்பது ஐந்நூறானது. பிறகு நானூற்றைம்பது. கணக்குத் தெரிந்தவனுக்கு அடுத்தது எங்கே என்று தெரியும். மற்றப் பக்கமாக நடக்கலாம் என்று பார்த்தேன். அது தோட்டவெளி. வெங்காயமும் புகையிலையும்தான், ஒரு படலை கிடையாது. வெளியில் தனியாக நிற்கிற கிழவனுக்கு என்னவோ நடந்துவிட்டதென்று நாலு பக்கத்தாலும் ஆட்கள் ஓடி வருவார்கள். ஒரு காலை ஓடி வந்தும்விட்டார்கள். ஆகவே திரும்பவும் ஒழுங்கைக்கே வந்தேன்.

அடுத்த கிழமையே அது நடந்தது. அண்ணை வீட்டுப் படலைக்கு நேரே கெண்டைக்கால் பிடித்தது. இன்னும் பத்து அடி வைத்துப் பார்க்கலாமென்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. படலையின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

"இந்த ஒழுங்கைக்குள்ளை பஸ் வாறேல்லை."

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அண்ணை என்னோடு கதைத்த முதல் வசனம் அது. விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார் போலிருக்கிறது.

"தெரியும்," என்றேன். திரும்பவில்லை.

"கெண்டைக்காலோ?"

"இல்லை. சும்மா நிக்கிறன்."

"நீ சும்மா நிக்கிற ஆளில்லை. ஊரெல்லாம் நீ நல்லவனாகியிட்டாய் எண்டு கதைக்குது. என்ரை மனுசியும் வந்து சொன்னவ. நான் சொன்னன், அவனாவது நல்லவனாகிறதாவது, அவனுக்குக் கால் நோகுது எண்டு."

திரும்பிப் பார்த்தேன். வேட்டியை இழுத்து மூடியிருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது. விசேஷங்களுக்கு மட்டும்தான் அதைப் போடுவாராம். மெலிந்து போயிருந்தார். படலையைத் திறந்தது நானா, என் கையா என்று தெரியவில்லை. போய் எதிரே கிடந்த மர வாங்கில் இருந்தேன்.

"எத்தினை அடியிலை பிடிக்குது?"

"நானூத்திப் பத்து."

"எண்ணினனியோ?"

"ஓம்."

"விசரன்," என்றார். "எனக்கு இருநூறிலை பிடிச்சது. மதவடியிலை."

"எப்ப?"

"பிள்ளையின்ரை கலியாணத்துக்கு உனக்குச் சொல்ல வந்தேக்கை."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாய்க்காலைக் கடக்கிற சின்னப் பாலம்தான் அந்த மதவு.

"மூண்டு நாள் வெளிக்கிட்டனான். சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு. மூண்டு நாளும் மதவுக் கட்டிலை இருந்திட்டுத் திரும்பி வந்தன். சைக்கிளிலையும் ஏறிப் பாத்தன், மிதிக்கேக்கையும் உதே பிடிப்பு. கலியாணம் கிட்ட வந்திட்டுது. போன் எடுத்தன்."

"ஓட்டோவிலை வந்திருக்கலாமே, அண்ணை?"

"நானூறு அடிக்கு ஓட்டோவோ? வந்து இறங்கியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பாய்?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தம்பி வீட்டுக்கு வர வாகனம் தேவைப்படுகிற பெரிய மனிசராகிவிட்டார் என்று சொல்லியிருப்பேன். அதை ஊருக்கும் சொல்லியிருப்பேன்.

"கால் ஏலாது எண்டு போனிலை சொல்லியிருக்கலாமே?"

"நீ இப்ப உன்ரை மனுசிக்குச் சொன்னனியோ?"

வெட்கமாக இருந்தது. ஐயோ, இந்த மனுசன் மூன்று நாள் சால்வையோடு அந்த மதவில் இருந்திருக்கிறார், நான் பதினொரு வருஷம் அதே மதவைக் கடந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு நான் வரேல்லை, அண்ணை."

"தெரியும்," என்றார். "அதை விடு. நான் உந்த நோவை மறைச்சன். பிறகு பெருவிரலிலை ஒரு சின்னக் காயம், செருப்புக் கடிச்சது. இரத்தம் ஓடாத கால், ஆறேல்லை. நீ உதைக் காவிக்கொண்டு வீடு வீடாக் கத்தரிக்காயைப் புகழ்ந்து திரியாதை. இண்டைக்கே போய்க் காட்டு."

அன்றைக்கே போனேன். மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அதே வைத்தியர் பிள்ளை என் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடியைத் தேடினாள். இடது காலில் உடனே கிடைத்தது. வலது காலில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் தேடினாள். அந்த நேரம் எவ்வளவு என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு கையில் பிரஷர் பார்க்கிற பட்டியைக் கணுக்காலிலும் கட்டிப் பார்த்தாள்.

"காலுக்குப் போற குழாய் சுருங்கியிருக்குது, ஐயா. நல்ல நேரம், வேளைக்கு வந்திட்டியள். ஆனா ஒண்டு விளங்கேல்லை. ஒவ்வொரு நாளும் நடக்கிறன் எண்டுறியள், சீனி முந்தியைவிடக் கூடியிருக்குதே?"

தேத்தண்ணிக் கதையைச் சொல்ல வேண்டி வந்தது. வைத்தியர் பிள்ளை சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். மனைவி பாடுபடவில்லை. பின்னேரமே அவள் மூன்று வீட்டுக்கும் போய், "அவருக்குக் கதை மட்டும் குடுங்கோ, சீனி குடுக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மருந்துக் குளிசைகள் தந்தார்கள். சுருட்டை விட்டேன், முழுதாக. ஒவ்வொரு நாளும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் காயம் இருக்கிறதா என்று மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள். நடையைப் பற்றி வைத்தியர் சொன்னது: நோகுமட்டும் நடவுங்கோ, நொந்தால் நில்லுங்கோ, நோ போனதும் திரும்ப நடவுங்கோ, அப்படி நடந்தால்தான் இரத்தம் வேறு வழி கண்டுபிடிக்கும். நான் இவ்வளவு நாளும் களவாகச் செய்ததையே மருந்தாக எழுதித் தந்தாள்.

இப்போது எட்டு மாதம். சந்திவரைக்கும் ஒரு நோவும் இல்லாமல் ஒரே மூச்சில் போக முடிகிறது. போன முறை கடதாசியில் சீனியும் கொஞ்சம் இறங்கியிருந்தது. போஸ்ற்மாஸ்ரருக்கு வெறும் கையசைப்புத்தான். நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று ஊரில் கதைக்கிறார்கள்.

நானூற்றுப் பத்தில் மட்டும் நிற்கிறேன். அண்ணை விறாந்தையிலிருந்து என் காலைப் பார்ப்பார்.

"நொந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை. நல்ல நோ."

நான் பொய் சொன்னால் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அப்ப வந்து இரு," என்பார்.