தூக்கச் சொன்னது நான்தான், குகன் அண்ணை

குகன் அண்ணை போய்விட்டார்... கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தனியாக இருந்த அபார்ட்மெண்டிலேயே. ஹார்ட் அட்டாக்காம். வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

பெரிய மோட்டார்கள் திருத்தும் ஒரு வேர்க்‌ஷொப்பில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் கிரேன் ஓட்டினார். நான் கீழே நின்று, தூக்க வேண்டிய சாமானுக்குச் சங்கிலி கொழுவுகிறவன். அந்த ஷிஃப்டில் தமிழ் கதைக்க எங்கள் இருவரையும் விட்டால் ஆள் இல்லை.

அவசரம் என்பதே அவரிடம் கிடையாது. இரண்டு டன் இரும்பையும் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார்.

ஒருநாள்... வலக்கையால் சங்கிலியை நேராக்கிக்கொண்டே இடக்கையால் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டேன். இரண்டு கையும் சங்கிலிக்கு வெளியே என்று நினைத்து அவர் பட்டனை அமத்தினார். சங்கிலி இறுகியது. கிளவுஸோடு இரண்டு விரல் நசிந்து போனது.

ஆஸ்பத்திரிக்கு என் ஜாக்கெட்டையும் சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார்.

"நான்தான் சைகைக்கு முந்தி அமத்திப்போட்டன் எண்டு போர்மனிட்டைச் சொல்லிட்டன். நீ ஒண்டும் கதையாதை."

"அண்ணை, நான்தானே தூக்கச் சொன்னனான்!"

"நீ இன்னும் பெர்மனண்ட் ஆகேல்லை. மனிசி பிள்ளையள் இப்பதானே வந்து சேர்ந்திருக்கினம். பேசாமல் இரு."

பேசாமல் இருந்தேன்.

அவரைக் கிரேனிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பாக்கிங் வேலையில் போட்டார்கள். எட்டு விரலோடு நான் திரும்பிப் போனபோது கிரேன் ரிமோட்டை என்னிடம் நீட்டி, பழகச் சொன்னார்கள். வாங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லஞ்ச் டைமில் வேறு மேசைக்கு மாறிவிட்டேன். அவர் மூலையில் தனியே சாப்பிடுவார். எதிரே வந்தால், "குளிருக்கு விரல் நோகுதோ?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆன பிறகு இரண்டு தரம் கோல் எடுத்தார். "மெட்ரோவுக்குக் கிட்டத்தானே இருக்கிறன், ஒருக்கா வாவன்."

"ஓம் அண்ணை, பேந்து வாறன்" என்றேன். போகவில்லை...

இன்று காலை பழைய போர்மனுக்கு ஃபோன் எடுத்து, அன்று பிழை என்னுடையது என்று சொன்னேன்.

"எந்தக் குகன்?" என்று ஃபிரெஞ்சில் கேட்டார். பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு "மெர்சி" என்று நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். ஆட்கள் குறைவாம். தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் வாருங்கள்.

போய் வாருங்கள் அண்ணை.